பா துவான் ஜின்: எட்டு அசைவுகளில் சிகோங் பயிலும் முறை

சீன மரபு மருத்துவத்தில் நோயாளி தன் உடம்புக்குத் தானே செய்துகொள்ளக்கூடிய பகுதி ஒன்று உண்டு. அக்குபஞ்சருக்கு ஊசியிடத் தெரிந்த மருத்துவர் வேண்டும். மூலிகைக் கசாயத்துக்கு நாடி பார்த்து அளவு சொல்பவர் வேண்டும். ஆனால் அசைவும் மூச்சும் கவனமும் ஒன்றாகச் சேர்ந்த சிகோங் பயிற்சிக்குப் பாய் விரிக்கும் அளவு இடமும் கால் மணி நேரமும் போதும். சிகோங் என்ற பெயரில் வழங்கும் முறைகள் ஏராளம். அவற்றுள் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது, எட்டு அசைவுகளைக் கொண்ட பா துவான் ஜின். இதில் தரையில் உருள வேண்டியதில்லை, தாய்ச்சியைப் போல நீண்ட அசைவு வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கருவி எதுவும் தேவையில்லை. அறுபது வயதைக் கடந்தவரும் முறையறிந்து செய்தால் நாளும் செய்யக்கூடிய பயிற்சி இது.

உடலை நீட்டியும் மடக்கியும் நோய் தீர்க்கும் பழக்கம் சீனாவில் மிகப் பழையது. ஹூனான் மாநிலத்துச் சாங்ஷா நகருக்கு அருகில் உள்ள மாவாங்துய் என்னும் இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றை 1973ஆம் ஆண்டில் அகழ்ந்தபோது, பட்டுத் துணியில் வரையப்பட்ட ஓவியம் ஒன்று கிடைத்தது. அதில் ஆணும் பெண்ணுமாக 44 உருவங்கள் கைகளை உயர்த்தியும் இடுப்பை வளைத்தும் முழங்காலைப் பற்றியும் நிற்கின்றன. பா துவான் ஜின் என்ற பெயர் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, சோங் பேரரசுக் காலத்தில்தான் எழுத்தில் வருகிறது. 1117ஆம் ஆண்டில் அரசு அலுவலர் ஒருவர் நள்ளிரவில் எழுந்து அமர்ந்து, மூச்சை இழுத்து விட்டு உடலைத் தேய்த்து இப்பயிற்சியைச் செய்துவந்தார் என்று ஹோங் மாய் என்னும் எழுத்தாளர் குறித்துள்ளார். தளபதி யுவே ஃபெய் தம் படை வீரர்களுக்காக இதை உருவாக்கினார் என்ற கதை மிகவும் பரவலானது. ஆனால் 1103இல் பிறந்த அவருக்கு 1117இல் பதினான்கு வயதுதான் என்பதால் அக்கதையை வரலாறாகக் கொள்ள இயலாது. அமர்ந்து செய்யும் வடிவமும் நின்று செய்யும் வடிவமும் தனித்தனியே வளர்ந்தன. இக்கட்டுரை விளக்குவது நின்று செய்யும் வடிவத்தை.

மருத்துவமனைகளில் பயன்படும் தனித் துறையாகச் சிகோங் உருவெடுத்தது 1950களில்தான். லியு குய்ஜென் என்பவர் முன்னின்று நடத்த, ஹெபெய் மாநிலத்தின் தாங்ஷானிலும் பின்னர்ப் பெய்தாய்ஹேயிலும் சிகோங் சிகிச்சை நிலையங்கள் தொடங்கப்பட்டன. பண்பாட்டுப் புரட்சியின்போது ஒடுக்கப்பட்ட இக்கலை 1980களில் பெரும் அலையாகத் திரும்பி வந்தது. அந்த அலையில் நல்ல ஆசிரியர்களோடு, தொடாமலே நோய் தீர்ப்பதாகச் சொன்னவர்களும் பெருகினார்கள். சீன அரசின் விளையாட்டுத் துறையின் கீழ் 2001இல் அமைந்த உடல்நலச் சிகோங் மேலாண்மை மையம், பழைய நூல்களையும் உடலியலையும் ஒப்பிட்டு நான்கு பயிற்சிகளைச் சீர்படுத்தியது. அவை 2003இல் வெளியிடப்பட்டன. பா துவான் ஜின் அவற்றுள் ஒன்று. கீழே விளக்கப்படுவது பெரும்பாலும் அந்தச் சீர்படுத்திய வடிவமே. தொடக்க நிலையினருக்காகச் சில இடங்களில் எளிமையாக்கியிருக்கிறேன்.

தொடங்கும் முன்

சீன மருத்துவத்தின் பார்வையில் உடலெங்கும் 'சி' என்னும் உயிராற்றல் குறிப்பிட்ட பாதைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டம் தடைப்பட்ட இடத்தில் வலியும், குறைந்த இடத்தில் சோர்வும் தோன்றுகின்றன என்பது அதன் அடிப்படைக் கருத்து. ஒவ்வொரு முதன்மை உறுப்புக்கும் ஓர் உணர்ச்சி உரியது: கல்லீரலுக்குச் சினம், இதயத்துக்கு மிகை மகிழ்ச்சி, மண்ணீரலுக்கு ஓயாத சிந்தனை, நுரையீரலுக்குத் துயரம், சிறுநீரகத்துக்கு அச்சம். இங்கே உறுப்பு என்பது உடற்கூறியலில் நாம் அறிந்த தசைப் பொருளை மட்டும் குறிப்பதன்று. செரிமானம் முழுவதையும் அதனோடு மனக் கவலையையும் சேர்த்தே 'மண்ணீரல்' என்கிறார்கள். தமிழில் அக்குபஞ்சர் கற்றவர்கள் இதைப் பஞ்சபூதக் கோட்பாட்டோடு இணைத்துப் பேசுவதுண்டு. ஆனால் சீனர்கள் சொல்லும் ஐந்து கூறுகள்: மரம், நெருப்பு, நிலம், உலோகம், நீர். இந்தக் கோட்பாட்டை ஏற்பவரும் ஏற்காதவரும் ஒரே அசைவைத்தான் செய்யப் போகிறார்கள். ஆயினும் அதை அறிந்திருந்தால் எந்த அசைவில் கவனத்தை எங்கே வைப்பது என்பது தெளிவாகும்.

சிகோங்கில் ஒழுங்குபடுத்த வேண்டியவை மூன்று: உடல், மூச்சு, மனம். அவற்றை இந்த வரிசையிலேயே கைக்கொள்ள வேண்டும். உடலின் நிலை சரியாகாமல் மூச்சைக் கட்டுப்படுத்த முயல்பவருக்கு நெஞ்சு இறுகும். மூச்சு அமைதியாகாமல் மனத்தை அடக்க முயல்பவருக்குத் தலை கனக்கும். முதல் சில வாரங்களில் மூச்சைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். அசைவு பழகிய பிறகு, கைகள் உயரும்போதும் விரியும்போதும் மூக்கு வழியே மூச்சை இழுத்து, இறங்கும்போது மூக்கு வழியே விடுங்கள். நாக்கின் நுனி மேல்வரிசைப் பற்களுக்குப் பின்னால் அண்ணத்தை இலேசாகத் தொட்டிருக்கட்டும். மூச்சை எந்த நிலையிலும் வலிந்து அடக்கக் கூடாது.

இப்பயிற்சி கெடுவது பெரும்பாலும் மிகையாகச் செய்வதால்தான். உடற்பயிற்சிக் கூடத்தில் பழகியவர் ஒவ்வொரு நீட்டலையும் முழு வலிமையோடு செய்கிறார். உங்களால் எவ்வளவு நீட்ட முடியுமோ அதில் பத்தில் ஏழு பங்கோடு நின்றுவிடுங்கள். மீதி மூன்று பங்கு தளர்வுக்கு உரியது. அந்தத் தளர்வு இருந்தால்தான் மூச்சு தானாக ஆழமாகும்.

உணவு உண்டு ஒரு மணி நேரமாவது கழிய வேண்டும். வெறும் வயிற்றில் தலைசுற்றல் வருபவர்கள் சிறிது கஞ்சியோ பழமோ உண்டு தொடங்கலாம். தளர்ந்த ஆடையும், வெறுங்காலோ தட்டையான துணிக் காலணியோ போதும். காற்றை அம்பாகக் கருதி விலகு என்பது சீனத்து உடல்நல வழக்கு. ஆகவே வியர்வையோடு மின்விசிறிக்கு நேர் கீழோ குளிர்பதனப் பெட்டியின் எதிரிலோ நிற்க வேண்டாம்.

சிலர் முன்னதாகவே மருத்துவரைக் கேட்க வேண்டும். கட்டுக்குள் இல்லாத இரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், முதுகெலும்பு வட்டு விலகல், எலும்புத் தேய்மானம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, கருவுற்ற நிலை ஆகியவை உள்ளவர்கள் அவர்களுள் அடங்குவர். இவர்களுக்கு ஐந்தாம், ஆறாம், எட்டாம் அசைவுகளில் மாற்றம் தேவை. அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் இருந்தவர்கள், நீண்ட நேரம் கண்ணை மூடி ஆற்றல் ஓட்டத்தைக் கற்பனை செய்யும் சிகோங் வகைகளைத் தவிர்க்க வேண்டும். முறை தவறிய பயிற்சியால் மனம் குழம்பும் நிலையைச் சீன மரபே எச்சரித்திருக்கிறது. பா துவான் ஜின் கண்ணைத் திறந்து செய்யும் பயிற்சி என்பது அந்த வகையில் ஒரு பாதுகாப்பு.

நிற்கும் நிலை

இந்தப் பகுதியை அவசரமாகக் கடக்க வேண்டாம். எட்டு அசைவுகளும் இந்த நிலையிலிருந்து புறப்பட்டு இதற்கே திரும்புகின்றன.

பாதங்களைச் சேர்த்து நின்று, எடையை மெல்ல வலக்காலுக்கு மாற்றி, இடக்காலைத் தோள் அகலத்துக்கு நகர்த்தி வையுங்கள். பாதங்கள் இரண்டும் இணையாக, விரல்கள் நேர் முன்னே நோக்கியிருக்க வேண்டும். பெரும்பாலோருக்குப் பாதம் வெளிநோக்கித் திரும்பும் பழக்கம் உண்டு, குனிந்து பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். முழங்கால்களை மிகச் சிறிதளவு மடக்கி, உயரமான முக்காலியின் விளிம்பில் அமரப் போவதுபோல இடுப்பைத் தளர்த்துங்கள். அப்போது கீழ்முதுகின் வளைவு குறைந்து வால் எலும்பு நேர் கீழே தொங்கும். உச்சந்தலை மேலே இழுக்கப்படுவதாக எண்ணினால் முகவாய் தானாகச் சற்று உள்ளே வரும். தோள்கள் தாழ்ந்து, அக்குள்களில் சிறிது இடைவெளி இருக்கட்டும்.

இப்போது கைகளைப் பக்கவாட்டில் விரித்து, வயிற்றுக்கு முன்னால் பெரிய பந்தொன்றை அணைத்திருப்பதுபோல வளைத்துக் கொண்டுவாருங்கள். இரு கை விரல் நுனிகளுக்கும் இடையே சுமார் 10 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். தொப்புளுக்குக் கீழே உள்ள பகுதியைத் தான்தியேன் என்கிறார்கள். கவனத்தை அங்கே வையுங்கள். உள்ளங்காலின் முன்பகுதியில், விரல்களை மடக்கும்போது குழிகிற இடத்தில், சிறுநீரகப் பாதையின் தொடக்கப் புள்ளி இருக்கிறது. அந்த இடத்தின் வழியே எடை தரைக்கு இறங்குவதாக உணருங்கள். இரண்டு மூன்று நிமிடங்கள் இவ்வாறு நிற்கும்போது தொடை நடுங்கினால் முழங்காலை இன்னும் நிமிர்த்துங்கள். கண்கள் திறந்தே, எதையும் உற்று நோக்காமல் முன்னே பார்த்திருக்கட்டும்.

எட்டு அசைவுகள்

ஒவ்வோர் அசைவுக்கும் ஏழு சீன எழுத்துகளாலான ஓரடிப் பாடல் உண்டு. எதைச் செய்ய வேண்டும், எதற்காகச் செய்ய வேண்டும் என்ற இரண்டையும் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடுகிறது. எட்டாம் அசைவு தவிர மற்றவை ஒவ்வொன்றும் ஆறு முறை. இடம் வலம் என்று மாறுபவை பக்கத்துக்கு மூன்று முறை.

முதலாவது, 'இரு கைகளால் வானத்தைத் தாங்கி மூவெப்ப மண்டலத்தைச் சீராக்குதல்'. கைவிரல்களை அடிவயிற்றின் முன் கோத்து, உள்ளங்கைகள் மேல்நோக்கியிருக்க, முழங்கால்களை நிமிர்த்தியபடி நெஞ்சுவரை உயர்த்துங்கள். அங்கிருந்து உள்ளங்கைகளைத் திருப்பித் தலைக்கு மேலே தள்ளுங்கள். பார்வையும் கைகளைத் தொடர்ந்து மேலே செல்லட்டும். கைகள் உயர்ந்த பிறகு முகத்தை நேராக்கி, இரண்டு நொடி அளவு அந்த நீட்சியில் நில்லுங்கள். பின்னர் விரல்களைப் பிரித்து, கைகளைப் பக்கவாட்டில் மெல்ல இறக்கி, முழங்கால்களைச் சிறிது மடக்கித் தொடக்க நிலைக்கு வாருங்கள். மூவெப்ப மண்டலம் என்பது நெஞ்சு, மேல்வயிறு, அடிவயிறு ஆகிய மூன்று பகுதிகளையும் இணைத்து நீரையும் ஆற்றலையும் பகிர்வதாகச் சீன மருத்துவம் கொள்ளும் அமைப்பு. விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள் விரிந்து, கைகள் இறங்கும்போது நீண்ட மூச்சு தானே வெளியேறுவதை நீங்கள் உணர்வீர்கள். தோள் இறுக்கம் உள்ளவர்கள் முழங்கையை முழுதாக நீட்ட வேண்டாம்.

இரண்டாவது, 'கழுகை எய்வதுபோல இடமும் வலமும் வில் வளைத்தல்'. இடக்காலை அகலமாக எடுத்து வைத்து, கைகளை நெஞ்சுக்கு முன் குறுக்காகக் கொண்டுவாருங்கள். முழங்கால்களை மடக்கி, குதிரைமேல் அமர்ந்திருப்பதுபோன்ற குதிரை நிலையில் தாழும்போதே வலக்கை நாணை இழுப்பதுபோல விரல்கள் மடங்கி வலத்தோளுக்கு வர, இடக்கை இடப்புறம் நீள வேண்டும். நீளும் கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் விரிந்து, மற்ற மூன்றும் மடங்கியிருக்கட்டும். பெருவிரலில் நுரையீரல் பாதை முடிகிறது, சுட்டுவிரலில் பெருங்குடல் பாதை தொடங்குகிறது. இந்தக் கையமைப்பின் காரணம் அதுவே. பார்வை சுட்டுவிரலுக்கு அப்பால் தொலைவில் பதியட்டும். ஒரு கணம் நின்று, எடையை வலக்காலுக்கு மாற்றி, கைகளை விரித்து இறக்கிக் கால்களைச் சேருங்கள். பிறகு மறுபுறம். நெஞ்சு திறக்கும் இந்த அசைவு, நாளெல்லாம் கணினியின் முன் கூன் விழ அமர்ந்திருப்பவருக்கு மிகவும் தேவையானது. முழங்கால் வலி இருந்தால் குதிரை நிலையை உயரமாகவே வைத்துக்கொள்ளலாம். முழங்கால்கள் உள்ளே சாயாமல் பாதத்தின் திசையிலேயே இருப்பதுதான் முக்கியம்.

மூன்றாவது, 'ஒரு கையை உயர்த்தி மண்ணீரலையும் இரைப்பையையும் சீராக்குதல்'. தோள் அகல நிலையில் நின்று, இடக்கையை உடலின் முன்பக்கமாக உயர்த்தித் தலைக்கு மேல் வானத்தை நோக்கித் தள்ளுங்கள். அதே நேரத்தில் வலக்கை இடுப்பருகே தரையை நோக்கி அழுத்தட்டும். மேற்கையின் விரல்கள் உட்புறமும் கீழ்க்கையின் விரல்கள் முன்புறமும் நோக்கியிருக்கும். இரு கைகளும் எதிரெதிரே விலகும்போது வயிற்றின் ஒரு பக்கம் நீண்டு, மறுபக்கம் தளரும். கவலை மிகுந்தால் பசி கெடுவதை நாம் எல்லோரும் அறிவோம். சீன மருத்துவம் அந்த இரண்டையும் ஒரே உறுப்பின் பொறுப்பாக்கியிருப்பதால், உண்ணும் விருப்பம் குறைந்திருக்கும் நாள்களில் இந்த அசைவைக் கூடுதலாகச் செய்யச் சொல்வார்கள்.

நான்காவது, 'ஐந்து களைப்புக்கும் ஏழு காயத்துக்கும் பின்னே நோக்குதல்'. கைகளை உடலிலிருந்து சற்று விலக்கி, உள்ளங்கைகள் வெளிநோக்கும்படி தோளிலிருந்தே திருப்புங்கள்; அதோடு தலையை இடப்புறம் திருப்பித் தோளுக்கு மேலாகச் சாய்வாகப் பின்னே பாருங்கள். ஒரு கணம் நின்று, உள்ளங்கைகளைத் தரைநோக்கி அழுத்தியபடி முன்னே திரும்புங்கள். உடல் திரும்பக் கூடாது, கழுத்து மட்டுமே திரும்ப வேண்டும். ஐந்து களைப்பு என்பதற்குப் பழைய மருத்துவ நூல் தரும் விளக்கம் நினைவில் வைக்கத் தக்கது: நெடுநேரம் பார்ப்பது இரத்தத்தைக் கெடுக்கும், நெடுநேரம் படுத்திருப்பது உயிராற்றலைக் கெடுக்கும், நெடுநேரம் அமர்வது தசையைக் கெடுக்கும், நெடுநேரம் நிற்பது எலும்பைக் கெடுக்கும், நெடுநேரம் நடப்பது தசைநாரைக் கெடுக்கும். மிகை எதுவாயினும் அதற்கு ஒரு விலை உண்டு என்ற அந்தப் பட்டியலில், பார்ப்பதும் அமர்வதும் இன்று நம்மில் பலருடைய வாழ்க்கையையே நிரப்பியிருக்கின்றன. ஏழு காயங்கள் என்பவை உணர்ச்சிகளின் மிகையால் வருபவை. கழுத்தைத் திருப்பும்போது தலைசுற்றினால் திருப்பும் கோணத்தைப் பாதியாகக் குறையுங்கள். மீண்டும் சுற்றினால் இந்த அசைவை விட்டுவிட்டு மருத்துவரைக் காணுங்கள்.

ஐந்தாவது, 'தலையை அசைத்து வாலை ஆட்டி இதயத்தின் தீயைப் போக்குதல்'. எட்டிலும் கடினமானது இதுவே, ஆகவே இறுதியாகக் கற்றுக்கொள்ளுங்கள். கால்களை அகல வைத்துக் குதிரை நிலையில் தாழ்ந்து, உள்ளங்கைகளைத் தொடைகளின் மீது எடையின்றி வையுங்கள். உடலை வலப்புறம் சாய்த்து வலப்பாதத்தைப் பாருங்கள். அங்கிருந்து, பார்வையைப் பாதத்தை விட்டு எடுக்காமல், மேலுடலை முன்பக்கமாகத் தாழ்வாகச் சுழற்றி இடப்புறம் கொண்டுசெல்லுங்கள். பிறகு எடையை மீண்டும் வலப்புறம் மாற்றி, தலையைப் பின்புறமாக மெல்ல உருட்ட, வால் எலும்பு எதிர்த்திசையில் ஒரு வட்டம் வரையும். அத்துடன் நிமிர்ந்து நடுவுக்கு வாருங்கள். அடுத்தது மறுபுறம். உறக்கமின்மை, படபடப்பு, நாவறட்சி, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை இதயத்தில் தீ மிகுந்ததன் அடையாளங்கள் என்று சீன மருத்துவர்கள் கூறுவர். கீழே சிறுநீரகத்தின் நீர் மேலே ஏறவும் மேலே இதயத்தின் தீ கீழே இறங்கவும் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். இடுப்பும் வால் எலும்பும் அசைவது நீருக்கும், தலையும் கழுத்தும் தளர்வது தீக்கும் உரியன. கோட்பாடு எதுவாயினும், கழுத்தும் தாடையும் உண்மையிலேயே தளர்ந்த பிறகுதான் மனத்தின் படபடப்பு இறங்குகிறது. ஆகவே வட்டம் எவ்வளவு பெரியது என்பதைப் பார்க்காமல், கழுத்து எவ்வளவு கனமாகத் தொங்குகிறது என்பதைப் பாருங்கள். இரத்த அழுத்தம், கண் அழுத்தம், கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் தலையைத் தாழ்த்தாமலும் பின்னே உருட்டாமலும், நிமிர்ந்த உடலோடு எடையை மட்டும் இடமும் வலமும் மாற்றினால் போதும்.

ஆறாவது, 'இரு கைகளால் பாதத்தைப் பற்றிச் சிறுநீரகத்தையும் இடுப்பையும் உறுதியாக்குதல்'. கைகளை முன்புறமாக உயர்த்தித் தலைக்கு மேல் நீட்டி, நெஞ்சுவரை அழுத்தி இறக்குங்கள். உள்ளங்கைகளை அக்குள்களுக்குக் கீழே பின்புறமாகச் செலுத்தி, முதுகெலும்பின் இரு புறமும் தடவியபடி இடுப்பு, பிட்டம், கால்களின் பின்புறம் என்று குனிந்துகொண்டே இறங்குங்கள். பாதங்களின் வெளிப்புறத்தைச் சுற்றி வந்து, பாதத்தின் மேல் கைகளை வைத்துச் சிறிது நேரம் நில்லுங்கள். எழும்போது கைகள் தரைக்கு இணையாக முன்னே நீள, அவை உடலை இழுத்து உயர்த்துவதாக இருக்க வேண்டும். கைகள் தடவிச் செல்லும் பின்முதுகு, சிறுநீர்ப்பைப் பாதை நெடுக ஓடும் இடம். இடுப்போ சிறுநீரகத்தின் இல்லம் எனப்படுவது. முழங்காலை நிமிர்த்தியே செய்ய வேண்டும் என்பது சீர்படுத்திய வடிவத்தின் விதி. ஆனால் தொடையின் பின்தசை இறுகியவர்கள் அவ்வாறு செய்தால் சுமை முழுவதும் கீழ்முதுகில் விழும். தொடக்கத்தில் முழங்காலை மடக்குங்கள், கை முழங்கால்வரை எட்டினாலும் நிறைவு கொள்ளுங்கள். வட்டு விலகலோ கட்டுக்குள் இல்லாத இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் குனியாமல், நின்றபடி உள்ளங்கைகளால் இடுப்பைச் சூடேறத் தேய்த்துக்கொள்ளலாம்.

ஏழாவது, 'முட்டியை இறுக்கிக் கண்ணை உருட்டி வலிமையைப் பெருக்குதல்'. முட்டி என்பது இங்கே விரல்களை மடக்கி இறுக்கிய கை. குதிரை நிலையில் பெருவிரலை உள்ளே வைத்து மடக்கிய முட்டிகளை இடுப்பருகே வையுங்கள். இடமுட்டியைத் தோள் உயரத்தில் மெல்ல முன்னே செலுத்தும்போது கண்களை அகலத் திறந்து முட்டியை உறுத்துப் பாருங்கள், மூச்சு வெளியேறட்டும். பிறகு முட்டியை விரித்து, மணிக்கட்டைச் சுழற்றி, எதையோ பற்றுவதுபோல மீண்டும் மடக்கி இடுப்புக்கு இழுங்கள். கல்லீரல் கண்களில் திறக்கிறது, தசைநார்களை ஆளுகிறது, சினத்தைத் தாங்குகிறது. இந்த மூன்றையும் ஒருங்கே தொடுவது இவ்வசைவு. கூச்சத்தால் பலர் கண்ணைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு செய்கிறார்கள். அது தவறு. அடக்கி வைத்த சினம் யாருக்கும் தீங்கில்லாமல் வெளியேற ஒரு வழி இங்கே வகுக்கப்பட்டிருக்கிறது; உடலில் கடுமையும் உள்ளத்தில் அமைதியுமாக அதைச் செய்து பாருங்கள்.

எட்டாவது, 'ஏழு முறை குதித்தாட நூறு நோய் நீங்குதல்'. பெயர் அப்படி இருந்தாலும் பாதம் தரையை விட்டு எழுவதில்லை. பாதங்களைச் சேர்த்து நின்று, குதிகால்களை உயர்த்தி, உச்சந்தலை மேலே செல்ல ஒரு கணம் நிலைத்து, பின் பாதி தூரம் மெல்ல இறக்கி, எஞ்சிய பாதியை இலேசான அதிர்வோடு தரையில் விடுங்கள். தாடை தளர்ந்து பற்கள் மெல்லச் சேர்ந்திருக்கட்டும். ஏழு முறை. கருவுற்றவர்களும் எலும்பு மெலிந்தவர்களும் முதுகெலும்புச் சிக்கல் உள்ளவர்களும் அதிர்வின்றிக் குதிகாலை ஏற்றி இறக்கினால் போதும். தடுமாறுபவர்கள் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம்.

முடிக்கும் முறை

எட்டாம் அசைவு முடிந்ததும் நாற்காலியில் அமர்ந்து கைப்பேசியை எடுத்துவிடாதீர்கள். பயிற்சியின் பயனைச் சேர்த்து வைப்பது இந்த இறுதி மூன்று நிமிடங்கள்தான் என்பது மரபு. இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தான்தியேனில் வைத்து, வயிறு எழுவதையும் தாழ்வதையும் மட்டும் கவனித்து நில்லுங்கள். சிந்தனை ஓடினால் அதனோடு போராட வேண்டாம். அடுத்த மூச்சுக்குத் திரும்புங்கள். பின்னர் உள்ளங்கைகளைச் சூடேறத் தேய்த்து, முகம், காது, பிடரி ஆகியவற்றைத் துடைப்பதுபோலத் தடவிக்கொண்டு, சில அடிகள் மெல்ல நடந்து முடியுங்கள்.

நாளும் பயில

ஒரே நாளில் எட்டையும் கற்க வேண்டாம். முதல் வாரத்தில் நிற்கும் நிலையும் முதல் அசைவும் போதும். அடுத்தடுத்த வாரங்களில் ஒன்றோ இரண்டோ சேர்த்துக்கொண்டே போங்கள். முழு வரிசையும் சுமார் 12 நிமிடங்களில் முடியும். ஏழு நிமிடங்களில் முடிகிறதென்றால் வேகம் மிகுதி என்று பொருள். காலை நேரம் சிறந்தது. மாலையில் செய்பவர்கள் உறங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடலாம். நிற்க இயலாதவர்கள் கைப்பிடியில்லாத நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, கை அசைவுகளை மட்டும் செய்து பயன் பெறலாம்.

உள்ளங்கையில் வெதுவெதுப்பு, விரல் நுனிகளில் கூச்சம், கொட்டாவி, ஏப்பம் ஆகியவை தொடக்கத்தில் இயல்பாக வரும். அவற்றைத் தேடவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல், கால்களுக்குப் பரவும் முதுகுவலி ஆகியவை இயல்பானவை அல்ல. உடனே நிறுத்தி மருத்துவ உதவியை நாட வேண்டும். சமநிலை, உறக்கம், இரத்த அழுத்தம் ஆகியவற்றில் பா துவான் ஜின் நன்மை தருவதாகப் பல ஆய்வுகள் தெரிவித்துள்ளன. அவற்றில் பல சிறிய அளவிலானவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இது மென்மையான பயிற்சி என்பதால், உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பை இது ஒன்றே நிறைவு செய்யாது, நடைப்பயிற்சியையும் தொடருங்கள்.

மருந்தும் பயிற்சியும்

சிகோங் தொடங்கியதும் சீன மூலிகைகளிலும் பலருக்கு ஆர்வம் பிறக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் சீன மூலிகையிலிருந்து வந்தது என்பதும், அதற்காகத் து யூயூ 2015இல் நோபெல் பரிசு பெற்றார் என்பதும் உண்மை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய உட்கொண்ட சீன மூலிகை மாத்திரைகளில் ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத் தாவரம் கலந்துவிட, பலருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன என்பதும் உண்மை. நமக்கு நன்கு அறிமுகமான அதிமதுரம் சீனக் கசாயங்கள் பலவற்றிலும் சேர்கிறது. அதை நீண்ட நாள் மிகுதியாக உண்டால் இரத்த அழுத்தம் ஏறி, உடலில் பொட்டாசியம் குறையும். ஆகவே மூலிகைகளைத் தகுதி பெற்ற மருத்துவரிடமே, நீங்கள் ஏற்கெனவே உண்ணும் மாத்திரைகளின் பட்டியலைக் காட்டிய பிறகே பெறுங்கள். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ உண்ணும் மருந்தைப் பயிற்சியின் பெயரால் நிறுத்தச் சொல்லும் ஆசிரியர் எவராயினும், அவரிடம் கற்பதை விட்டுவிடுங்கள். உங்கள் நிற்கும் நிலையைக் கையால் தொட்டுத் திருத்துபவரும், வலி எங்கே என்று கேட்பவரும், கட்டணத்தை முன்கூட்டியே சொல்பவரும் நல்ல ஆசிரியர்.

பா துவான் ஜின்னைத் தடுமாற்றமின்றிச் செய்யும் நிலைக்கு வந்த பிறகு, 2003ஆம் ஆண்டுத் தொகுப்பின் மற்ற மூன்றையும் பார்க்கலாம். ஹான் காலத்து மருத்துவர் ஹுவா தோவின் பெயரால் வழங்கும் ஐந்து விலங்கு விளையாட்டு புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகியவற்றின் அசைவுகளைக் கொண்டது; மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அதன் விளையாட்டுத் தன்மை மிகவும் உதவும். ஆறு ஒலிப் பயிற்சியில் மூச்சை வெளியே விடும்போது உறுப்புக்கு ஓர் ஒலியை எழுப்புவார்கள். நுரையீரல் வலுவில்லாதவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கலாம். தசைநார் மாற்றும் பயிற்சியாகிய யி ஜின் ஜிங், காஞ்சிபுரத்திலிருந்து சென்றவர் என்று தமிழகத்தில் போற்றப்படும் போதிதர்மரின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த நூல் 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. அதில் உடலை முறுக்கி இறுக்கும் அசைவுகள் மிகுதி. எனவே பா துவான் ஜின்னின் ஐந்தாம், ஆறாம் அசைவுகள் முதுகுவலி எதுவுமின்றி வரத் தொடங்கிய பின்னரே அதைத் தொடங்குங்கள்.